வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு மொழிப்பாட நூல்கள்: எதை வாங்குவது, எதை விடுவது?

வாசகி ஒருவரின் கடிதத்திலிருந்து:

"ஜேர்மனியிலிருந்து திரும்பி வந்து சண்டிலிப்பாயில் இருக்கிறோம். மகனுக்கு 13 வயது, மகளுக்கு 11. இங்கே பாடசாலையில் சேர்த்தோம். வகுப்பில் தமிழில் எழுதும் வேகத்துக்கு மகனால் ஈடுகொடுக்க முடியவில்லை. தை மாதத்திலிருந்து இருவருக்கும் வீட்டிலேயே படிப்பிக்கிறேன். கணிதமும் விஞ்ஞானமும் சமாளிக்கிறேன், மொழிப்பாடம்தான் பிடிபடவில்லை. ரொறன்ரோவில் இருக்கும் அக்கா அமெரிக்கப் புத்தகத் தொகுதி ஒன்றை வாங்கச் சொல்கிறா. வாசிப்பு, இலக்கணம், சொல்வளம், எழுத்துக்கூட்டல், கட்டுரை என்று ஐந்து புத்தகம். ஆசிரியர் கைநூல்கள் வேறு. விலை எங்களுடைய இரண்டு மாத வீட்டுச் செலவு. வாங்கலாமா? தமிழுக்கு அரசாங்கப் புத்தகமா, இந்தியப் புத்தகமா? மகன், எழுதச் சொன்னாலே கண் கலங்குகிறான்."

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தத் தொகுதியை இப்போது வாங்க வேண்டாம். அப்படியான தொகுதிகளில் நன்றாகச் செய்யப்பட்டவை இருக்கின்றன; தரத்தைப் பற்றி நான் குறை சொல்லவில்லை. ஆனால் வீட்டிலும் தெருவிலும் ரி.வி.யிலும் ஆங்கிலத்தையே கேட்டு வளர்ந்த பிள்ளையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை அவை. உங்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. அமெரிக்காவில் ஏழாம் வகுப்புப் பிள்ளை தன் காதால் சரி பிழை பார்க்கும் இடத்தில், உங்கள் மகன் விதியைத் தேடி நிற்பான். போதாததற்கு எழுத்துக்கூட்டலும் அமெரிக்க வழக்கு. இங்கே பிரித்தானிய வழக்கில்தான் படிப்பிக்கிறோம், பரீட்சையும் அப்படித்தான்.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. மொழியை ஐந்து புத்தகமாக வெட்டியதும், ஒன்றில் படித்தது மற்றதில் வந்து சேராமல் போகிறது. சொல்வளப் புத்தகத்தில் இருபது சொல்லைப் பாடமாக்கிய பிள்ளை, கட்டுரையில் அதில் ஒன்றையும் எடுப்பதில்லை. இலக்கணப் புத்தகத்தில் முழுப் புள்ளி எடுத்த பிள்ளை, மூன்று வரி கடிதம் எழுதும்போது எழுவாய்க்கும் பயனிலைக்கும் பொருத்தம் இல்லாமல் எழுதுகிறது. ஆசிரிய ஆலோசகராகப் பாடசாலைகளுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் முழுவதும் நான் அதிகம் பார்த்த குறை இதுதான். பிள்ளை வாசிக்கிற நூலிலிருந்தே சொல்லும், எழுத்துக்கூட்டலும், இலக்கணமும், எழுதுவதற்கான பொருளும் வர வேண்டும். வீட்டில் ஒரு தாய் இரண்டு பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும்போது இதைச் செய்வது, நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் செய்வதைவிட எளிது. அந்த வாய்ப்பு உங்களிடம் இருக்கிறது.

இது புதுப் பழக்கமும் அல்ல. நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) பிள்ளைகளுக்கென்று பாலபாடங்களை எழுதியபோது, ஒரே வரிசை நூலுக்குள் வாசிப்பையும் உரைநடைப் பழக்கத்தையும் அறிவுரையையும் சேர்த்து, படிப்படியாகக் கடினமாக்கிக்கொண்டு போனார். அந்த மொழிநடை இன்றைக்கு உங்கள் மகளுக்குப் பாரமாக இருக்கும். அதை வாங்கச் சொல்லி இதை எழுதவில்லை. அந்த அமைப்பைப் பார்க்கச் சொல்கிறேன்.

புத்தகத்தைத் தெரிவுசெய்ய முன் மகனைப் பற்றி ஒன்றை அறிய வேண்டும். அவன் ஜேர்மன் மொழியில் எப்படி வாசித்தான்? அங்கே வயதுக்கேற்ற கதைப்புத்தகத்தைத் தடங்கலில்லாமல் வாசித்தவன் என்றால், அவனுக்கு வாசிக்கத் தெரியும். தமிழ் எழுத்துத்தான் இன்னும் கண்ணுக்குப் பழகவில்லை. அது ஒழுங்கான பயிற்சியால் தீரும். ஜேர்மனிலும் திணறியவன், வரியைத் தவறவிட்டவன், எழுத்துகளை மாற்றி வாசித்தவன் என்றால் விடயம் வேறு. முதலில் கண் பரிசோதனை செய்யுங்கள். பிறகு வாசிப்பு இடர்ப்பாடு இருக்கிறதா என்று தெரிந்தவர்களிடம் காட்டுங்கள். அப்படி ஒன்று இருந்தால் எந்த நாட்டுப் புத்தகத் தொகுதியும் அதைத் தீர்க்காது. அதற்குரிய பயிற்சி தனியானது. அங்கே இருந்த வகுப்பாசிரியரின் தவணை அறிக்கைகளை வைத்திருந்தால் எடுத்துப் பாருங்கள். பதில் பெரும்பாலும் அதிலேயே இருக்கும்.

இரண்டாவதாக, பிள்ளைகள் எந்தப் பரீட்சை எழுதப் போகிறார்கள் என்று நீங்களும் கணவரும் பேசி முடிவெடுங்கள். உள்ளூர் க.பொ.த. சாதாரண தரம் என்றால் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றலாம். ஆனால் தமிழ்மொழியும் இலக்கியமும் அதில் கட்டாய பாடம், ஆங்கிலமும் கட்டாயம். லண்டன் பரீட்சை என்றால் பாதை வேறு. மகனுக்கு 13 என்பதால் இதை இந்த வருடமே தீர்மானிப்பது நல்லது. தமிழில் பேசுகிற பிள்ளைகள், இங்கேயே வாழப்போகிறவர்கள். என் விருப்பம் உள்ளூர்ப் பரீட்சைதான். கீழே சொல்வதெல்லாம் அதை வைத்தே.

தமிழுக்கு முதுகெலும்பாக அரசாங்கப் பாடநூலையே வையுங்கள். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்திலிருந்து தரம் 6 முதல் 11 வரையான தமிழ்மொழியும் இலக்கியமும் நூல்களை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகளும் இணையத்தில் கிடைக்கின்றன. பலர் பாடநூலை மட்டும் எடுத்து வழிகாட்டியை விட்டுவிடுகிறார்கள். உங்களுக்கு வழிகாட்டிதான் அதிகம் உதவும். எந்தப் பாடத்தில் எந்தத் திறனை எதிர்பார்க்கிறார்கள் என்பது அதில்தான் இருக்கிறது.

மகனை எட்டாம் தரப் புத்தகத்தில் தொடங்க வேண்டாம். ஒரு சிறு சோதனை சொல்கிறேன். ஒரு பக்கத்தில் நூறு சொல் அளவுக்கு உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். ஐந்து சொல்லுக்கு மேல் தடக்கினால் அந்த நூல் இப்போதைக்குத் தனியே வாசிக்கக் கடினம். இந்த அளவு ஆங்கிலத்துக்கு வகுத்தது. தமிழில் 'வந்துகொண்டிருந்தவர்களுக்கும்' என்பதும் ஒரு சொல்தான், 'கல்' என்பதும் ஒரு சொல்தான். ஆகவே நீண்ட சொல்லில் ஒரு தடவை நின்று, பிரித்து, பிறகு சரியாக வாசித்தால் அதைத் தடக்கலாகக் கணக்கெடுக்காதீர்கள். ஆறாம் தரப் பாடங்களில் சிரமமில்லாமல் ஓடுகிறான் என்றால் அங்கிருந்தே தொடங்குங்கள். 13 வயதுப் பையனுக்குத் தங்கையின் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் மனம் நோகும். பாடங்களை மட்டும் அச்செடுத்து, தரம் எத்தனை என்ற அட்டையில்லாமல் கோப்பில் போட்டுக் கொடுங்கள்.

தமிழ்நாட்டுப் பாடநூல்களும் இணையத்தில் இலவசம். படங்களும் அச்சும் நன்றாக இருக்கின்றன, நல்ல கதைகளும் கட்டுரைகளும் உண்டு. மேலதிக வாசிப்புக்குத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். முதன்மை நூலாக வேண்டாம். நாங்கள் பந்தி என்பதை அங்கே பத்தி என்பார்கள். எங்கள் வினாத்தாளில் வரும் கிரகித்தல் என்ற சொல்லை அங்கே காணமாட்டீர்கள். மாதப் பெயர்களும் பிறமொழிப் பெயர்களும் எழுதும் முறை வேறு. ஏற்கெனவே மூன்று மொழிக்குள் நிற்கும் பிள்ளையை இன்னொரு வழக்கோடு குழப்பத் தேவையில்லை.

பாடநூல் மட்டும் போதவே போதாது. பாடநூலில் இருப்பது பெரும்பாலும் துண்டுகள். ஒரு பிள்ளை முழு நூலொன்றை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்து முடிப்பதுதான் இந்த வயதில் மொழியை வளர்க்கிறது. எந்த நேரமும் ஒரு முழு நூல் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கட்டும். அதை நீங்கள் உரக்க வாசியுங்கள்; மகன் கேட்கட்டும், பக்கத்தில் இருந்து பார்க்கட்டும், சில பந்திகளை அவன் வாசிக்கட்டும். செங்கை ஆழியானின் 'ஆச்சி பயணம் போகிறாள்' இதற்கு மிகவும் பொருந்தும். யாழ்ப்பாணத்து ஆச்சி ஒருத்தியின் பயணத்தைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லும் நூல். ஆச்சியின் பேச்சு உங்கள் பிள்ளைகள் அப்பம்மாவின் வாயில் கேட்ட பேச்சு. மகளுக்கு நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் பிள்ளைப் பாடல்களைக் கொடுங்கள். ஆடிப்பிறப்புப் பாட்டை அவள் ஏற்கெனவே கேட்டிருப்பாள். கத்தரித் தோட்டத்து வெருளியையும் சேர்த்துப் பாடமாக்கட்டும். பாட்டை வாயால் சொல்லப் பழகிய பிள்ளைக்குக் குறில் நெடில் பிழை குறையும். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் எ, ஏ, ஒ, ஓ இவற்றில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். காது தெளிந்தால் கொம்பு தானாகச் சரிவரும்.

நூல்களைக் காசு கொடுத்து வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. 2005 இலிருந்து இயங்கும் நூலகம் என்ற எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய இலக்கியங்களுக்கு 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இருக்கிறது. பிரதேச சபை நூலகத்தில் இருவரையும் அங்கத்தவராக்குங்கள். மாதத்தில் ஒருநாள் யாழ். பொது நூலகத்துக்கும் கூட்டிக்கொண்டு போங்கள். நூலைப் பிள்ளையே அலுமாரியிலிருந்து எடுக்க விடுங்கள், நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள்.

ஒரு நூலுக்கு மட்டும் காசு செலவழியுங்கள் என்று சொல்வேன்: க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. இலங்கைத் தமிழ் வழக்குகளையும் குறிப்போடு சேர்த்திருக்கிறார்கள். வீட்டில் பேசும் சொல் அச்சில் பொருளோடு இருப்பதைக் காணும் பிள்ளைக்குத் தன் பேச்சின்மீது மதிப்பு வரும்.

இப்போது எழுத்து. கடிதத்தில் நீங்கள் கடைசியாகச் சொன்னது அதுதான், எனக்கு முதலில் மனத்தில் பட்டதும் அதுதான். கண் கலங்கும் பிள்ளைக்குக் கட்டுரைப் புத்தகம் வாங்குவது மருந்தாகாது. எழுதும்போது அவன் ஒரே நேரத்தில் நான்கு வேலை செய்கிறான்: என்ன சொல்வது என்று யோசிக்கிறான், பேச்சை எழுத்துத் தமிழாக்குகிறான், எழுத்துக்கூட்டுகிறான், கையால் எழுதுகிறான். இந்த நான்கையும் பிரித்துக் கொடுங்கள்.

முதல் ஒன்றரை மாதம் அவன் சொந்தமாக எதையும் எழுத வேண்டாம், சொல்லட்டும். இங்கிலாந்தின் கல்வியாளர் சார்லட் மேசன் (1842–1923) வலியுறுத்திய முறை இது: ஒரு பகுதியை ஒரே தடவை கவனமாக வாசித்துக்காட்டுவது, பிள்ளை தன் சொல்லில் திருப்பிச் சொல்வது. இடையில் கேள்வி கேட்டுக் குழப்பக்கூடாது. 'அவை உங்கை நிண்டவை' என்று அவன் பேச்சிலேயே சொல்லட்டும். நீங்கள் அதைக் கொப்பியில் அப்படியே எழுதுங்கள். பிறகு இருவரும் சேர்ந்து அதை எழுத்துத் தமிழாக்குங்கள். பேச்சில் எது மாறுகிறது, எது மாறவில்லை என்று அவனே கண்டுபிடிப்பான். சுட்டெழுத்தைப் படிப்பிக்கும்போது 'உது, உவன்' அவன் வாயிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டுப் பேச்சில் மறைந்துபோன அந்த உகரச் சுட்டு யாழ்ப்பாணப் பிள்ளைக்கு உதாரணம் தேடாமலே விளங்கும். அப்படித் திருத்திய பந்தியை மறுநாள் பார்த்தெழுதட்டும், ஐந்தாறு வரி போதும். அதற்கும் மறுநாள் அதிலிருந்தே இரண்டு வரியைச் சொல்வதெழுதலாகக் கொடுங்கள். முதல் நாளே எந்த வரி என்று சொல்லிவிடுங்கள். ல, ள, ழ எங்கே வருகிறது, ர, ற எங்கே வருகிறது என்று பார்த்து வரட்டும். பிழை பிடிப்பதற்காகச் சொல்வதெழுதல் வைப்பது அவனைப் போன்ற பிள்ளைக்குத் தண்டனை.

இலக்கணத்துக்குத் தனிப் பயிற்சிப் புத்தகம் வேண்டாம் என்று நான் சொல்வது வெறும் அனுபவத்தால் மட்டும் அல்ல. 2007 இல் ஸ்டீவ் கிரஹாம், டொலோரஸ் பெரின் என்ற இரு ஆய்வாளர்கள், அமெரிக்காவின் 4 முதல் 12 ஆம் வகுப்பு வரையான மாணவரின் எழுத்தைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். இலக்கணத்தைத் தனியாகப் பிரித்துப் படிப்பித்தது எழுத்தை மேம்படுத்தவில்லை. கணக்கு எதிர்ப்பக்கமாகவே விழுந்தது. வாக்கியங்களை இணைத்து எழுதும் பயிற்சி பலன் கொடுத்தது, வாசித்ததைச் சுருக்கி எழுதும் பயிற்சி இன்னும் கூடுதலாகக் கொடுத்தது. ஆங்கிலத்தைப் பற்றிய ஆய்வுதான். ஆனால் வாக்கிய இணைப்புக்குத் தமிழைப்போல் வசதியான மொழி குறைவு, ஏனென்றால் எங்கள் எச்சங்கள் செய்வதே அந்த வேலைதான்.

இப்படிச் செய்யுங்கள். 'மாமா திருநெல்வேலிச் சந்தைக்குப் போனார். கத்தரிக்காய் வாங்கினார். திரும்பினார். மழை வந்தது. ஒரு கடையில் ஒதுங்கினார்.' இந்த ஐந்து வாக்கியத்தையும் கொடுத்து ஒன்றாக்கச் சொல்லுங்கள். 'திருநெல்வேலிச் சந்தையில் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு திரும்பிய மாமா, மழை வந்ததால் ஒரு கடையில் ஒதுங்கினார்' என்று ஒரு பிள்ளை எழுதும். மற்றது 'ஒதுங்கிய கடை' என்று முடிக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசுங்கள். 'வாங்கி' வினையெச்சம், 'திரும்பிய' பெயரெச்சம் என்று அப்போது பெயர் சொன்னால் அது நிலைக்கும். கிழமைக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடம் போதும்.

அவனாக எழுதத் தொடங்கும்போது நீண்ட கட்டுரை கேட்காதீர்கள். ஈழத்துக் கவிஞர் மஹாகவி (து. உருத்திரமூர்த்தி) 1966 இல் வெளியிட்ட குறும்பாக்களில் பிள்ளைகளுக்கு ஏற்றவற்றைத் தெரிந்து வாசித்துக் காட்டுங்கள். எல்லாமே பிள்ளைகளுக்கானவை அல்ல. ஐந்தே வரி, எதுகை, கடைசியில் ஒரு பகிடி. 13 வயதுப் பையன்கள் அதே அமைப்பில் தாங்களும் எழுதிப் பார்க்க ஆசைப்படுவார்கள்.

ஆங்கிலத்துக்கு வருகிறேன். இதற்கும் அரசாங்கப் பாடநூலையும் அதன் பயிற்சிநூலையும் அடித்தளமாக வைக்கலாம். உங்கள் பிள்ளைகளுக்கு அவை எளிதாக இருந்தால் விரைவாகக் கடந்து போங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால், கேம்பிரிட்ஜின் கீழ் இடைநிலை நூல்கள் 11 முதல் 14 வயதுக்கானவை. அவற்றில் ஆங்கிலத்தை முதல் மொழியாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரிசையும் இரண்டாம் மொழியாகப் படிப்பவர்களுக்கு இன்னொரு வரிசையும் உண்டு. இரண்டாவதை எடுங்கள். அட்டைகள் ஒரே மாதிரி இருப்பதால் கடையில் மாற்றித் தந்துவிடுவார்கள், தலைப்பை முழுதாக வாசித்து வாங்குங்கள். தமிழ்ச் செய்தி ஒன்றை வாசித்து ஆங்கிலத்தில் சொல்வதும், மறுநாள் அந்த ஆங்கிலத்தைத் திரும்பத் தமிழாக்குவதும் இரண்டு மொழியையும் ஒன்றாக வளர்க்கும். 1841 இல் யாழ்ப்பாணத்தில் உதயதாரகைப் பத்திரிகை தமிழும் ஆங்கிலமுமாகவே வெளிவந்தது. இரு மொழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

எந்தப் பயிற்சிநூலையும் இனி வாங்குவதற்கு முன் ஒரு பாடத்தை முழுதாகப் பாருங்கள். வெளியீட்டாளர்கள் பலர் மாதிரிப் பக்கங்களை இணையத்தில் வைக்கிறார்கள். பிள்ளை அந்தப் பாடத்தில் முழு வாக்கியமாக எத்தனை எழுத வேண்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். இடைவெளி நிரப்புவதும் சரி பிழை போடுவதும்தான் பக்கம் முழுக்க என்றால் வைத்துவிடுங்கள். அவை திருத்துவதற்குச் சுலபம், பார்த்தால் பக்கம் நிரம்பியிருக்கும். பிள்ளையின் மொழி வளராது. கடந்தகால வினாத்தாள் தொகுப்புகளையும் இப்போது தொடாதீர்கள். தரம் 10 இல் அவற்றுக்குக் காலம் இருக்கிறது. 11 வயதில் வினாத்தாள் செய்யும் பிள்ளை, விடை எழுதப் பழகுகிறது, வாசிக்கப் பழகுவதில்லை. ரியூசனுக்கு அனுப்பினாலும் அங்கே வினாத்தாள்தான் செய்விக்கிறார்களா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

நேரத்தைப் பற்றியும் யோசிப்பீர்கள். தமிழுக்கும் ஆங்கிலத்துக்குமாகக் காலையில் ஒன்றரை மணித்தியாலம், இரவு படுக்க முன் அரை மணித்தியாலம் நீங்கள் உரக்க வாசிப்பது. இதற்குமேல் இழுத்தால் மகனுக்கு வெறுப்பு வரும். சமைக்கும் நேரத்தில் ஒரு பிள்ளை உங்களுக்கு வாசித்துக் காட்டினால் அதையும் கணக்கில் சேருங்கள்.

இன்னொன்று, மொழிக்குப் புறம்பானது. இலங்கையில் 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். ஏற்கெனவே பாடசாலையில் பெயர் பதிந்த பிள்ளைகள் என்பதால், வலிகாமம் வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போய் நிலைமையைச் சொல்லி, எழுத்திலும் கொடுத்து, அதன் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். பின்னுக்குப் பரீட்சை விண்ணப்பம், அடையாள அட்டை என்று வரும்போது அந்தக் கடிதம் உதவும்.

அக்கா ஆசையோடு செய்ய நினைக்கிறா, வேண்டாம் என்று சொல்லி அவவை நோகடிக்காதீர்கள். தொகுதிக்குப் பதிலாக, இரண்டாம் மொழியாக ஆங்கிலம் படிப்பவர்களுக்கான நல்ல அகராதி ஒன்றும், மகனுக்குப் பிடித்த விடயத்தில் எளிய ஆங்கிலத்தில் எழுதிய மூன்று நான்கு முழு நூல்களும் அனுப்பச் சொல்லுங்கள். உதைபந்தாட்டமோ விண்வெளியோ, எது என்று அவனிடமே கேட்டு அக்காவுக்குச் சொல்லுங்கள். கிழமைக்கு ஒருநாள் தொலைபேசியில் அந்த நூலைப் பற்றி அவனோடு ஆங்கிலத்தில் கதைக்கவும் சொல்லுங்கள். ஒன்றரை மாதம் கழித்து, அவன் சொல்லி நீங்கள் எழுதிய ஒரு பந்தியையும், அவனாக எழுதிய ஐந்து வரியையும் எனக்கு அனுப்புங்கள். அதைப் பார்த்து அடுத்து எந்தத் தரத்து நூலுக்குப் போகலாம் என்று எழுதுகிறேன்.